ஹாட் ராடில் கியர்பாக்ஸ் மாற்றுகிறீர்களா? முதலில் ஃப்ளெக்ஸ்ப்ளேட்டைப் பொருத்திப் பாருங்கள்

1932 ஃபோர்டு பாடி, அதற்குள் ஷெவ்ரலேயின் 350 கன இன்ச் ஸ்மால் பிளாக் (சிறிய வகை வி8) என்ஜின், பின்னால் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட் ராடுகளில் இந்தக் கூட்டணியை நிறையவே பார்க்கலாம். டர்போ 350-இல் மூன்று கியர்தான் என்பதால் நெடுஞ்சாலையில் என்ஜின் கத்திக்கொண்டே ஓடும். அதனால் பலர் ஓவர்டிரைவ் (என்ஜினை மெதுவாகச் சுழல விடும் கூடுதல் கியர்) உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸுக்கு மாறுகிறார்கள். இந்த மாற்றத்தை வைத்தே ஃப்ளெக்ஸ்ப்ளேட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன்.

ஃப்ளெக்ஸ்ப்ளேட் என்பது கிராங்க்ஷாஃப்டின் வாலில், அதாவது பின்முனையில், போல்ட் போட்டு மாட்டும் மெல்லிய எஃகுத் தட்டு. அதன் விளிம்பில் உள்ள பற்களைத்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுழற்றும். பின்பக்கம், என்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் மாட்டப்படும். புதிதாக இறங்குகிறவர்கள் கடைக்குப் போய் “700ஆர்4-க்கு ஒரு ஃப்ளெக்ஸ்ப்ளேட் கொடுங்கள்” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கிராங்க் துளை, பேலன்ஸ், பற்களின் எண்ணிக்கை, கன்வெர்ட்டர் துளை என்று நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். முதல் இரண்டும் என்ஜினைப் பொறுத்தவை. மூன்றாவது ஸ்டார்ட்டரையும் பெல்ஹவுசிங்கையும் (கன்வெர்ட்டரை மூடும் முன்பக்கக் கூடு) பொறுத்தது. கடைசி ஒன்றுக்குத்தான் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

படி 1: கிராங்கின் வாலைப் பாருங்கள்

பேட்டரியைக் கழற்றுங்கள். காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பழைய கியர்பாக்ஸை இறக்குங்கள். ஃப்ளெக்ஸ்ப்ளேட்டைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள்.

1985 வரை வந்த ஸ்மால் பிளாக்கில் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் ஒரே துண்டு. சீலோடு சேர்ந்து கிராங்கின் வாலும் மாறிவிட்டது. எதிரெதிர் போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் பழையதில் 3.58 இன்ச் வரும், அதாவது சுமார் 91 மில்லிமீட்டர். புதியதில் 3 இன்ச், சுமார் 76 மில்லிமீட்டர். கண்ணாலேயே கண்டுபிடிக்கவும் முடியும்: புதியதன் வால் சுத்தமான வட்டம், பழையதில் ஒரு பக்கம் புடைத்து வட்டம் கெட்டிருக்கும். வால்வ் கவரைப் பார்த்து வருடத்தை ஊகிக்காதீர்கள். ஹாட் ராட் என்ஜினில் ஹெட் மாறியிருக்கலாம், பிளாக்கே வேறாகவும் இருக்கலாம்.

படி 2: பேலன்ஸ்

பெரிய செலவு வைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

மேலே சொன்ன புடைப்பு சும்மா இல்லை, அது எடைச் சமநிலையின் ஒரு பகுதி. இரண்டு துண்டு சீல் கொண்ட 350-இல் கிராங்க் தன்னளவிலேயே சமனாக இருக்கும், ஆகவே ஃப்ளெக்ஸ்ப்ளேட்டில் தனி எடை கூடாது. 1986-க்குப் பிறகு வட்டமான வாலில் அந்தப் புடைப்புக்கு இடமில்லாமல் போனது. அந்த எடையை ஃப்ளெக்ஸ்ப்ளேட்டுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரு துண்டு சீல் 350-க்கு எடை வைத்துப் பற்றவைத்த தட்டுதான் வேண்டும்.

400 ஸ்மால் பிளாக் தனி ரகம். இரண்டு துண்டு சீல்தான், ஆனாலும் முன்னால் டேம்பரிலும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் சக்கரம்) பின்னால் ஃப்ளெக்ஸ்ப்ளேட்டிலும் எடை உண்டு. 350-இன் தட்டு அதில் கச்சிதமாக உட்காரும், போல்ட் எல்லாம் ஏறும், என்ஜினும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அதிர்வு பேரிங்குகளைத் தின்றுவிடும். 350 பிளாக்கில் 383 கன இன்ச்சாகப் பெருக்கிக் கட்டிய என்ஜின் என்றால், உள் பேலன்ஸா (கிராங்க் தன்னளவிலேயே சமன்) வெளி பேலன்ஸா (டேம்பரிலும் தட்டிலும் எடை) என்று கட்டியவரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டு விதமாகவும் கட்டுகிறார்கள்.

படி 3: பற்கள்

ஸ்மால் பிளாக்கில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள். எண்ணப் பொறுமை இல்லையென்றால் விட்டத்தை அளங்கள்: 153 பல் தட்டு 12¾ இன்ச், 168 பல் தட்டு சுமார் 14 இன்ச். ஸ்டார்ட்டரும் துப்பு கொடுக்கும். அதன் இரண்டு போல்ட்டும் நேர்க்கோட்டில் இருந்தால் 153, முன்பின்னாக இருந்தால் 168. சில சிறிய பெல்ஹவுசிங்கில் 168 பல் தட்டு இடிக்கும், அதையும் வைத்துப் பார்த்துவிடுங்கள். இருக்கிற ஸ்டார்ட்டர் நன்றாக வேலை செய்கிறது, இடமும் இருக்கிறது என்றால் பல் எண்ணிக்கையை மாற்றாதீர்கள்.

படி 4: கன்வெர்ட்டர் துளை

கன்வெர்ட்டரின் போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்தான் கணக்கு: டர்போ 350 பெரும்பாலும் 10.75 இன்ச் வட்டம், டர்போ 400 என்றால் 11.5 இன்ச். 700ஆர்4-க்கு பொதுவாக 10.75, ஆனால் கன்வெர்ட்டரைப் பொறுத்து மாறலாம், அளந்தே முடிவு செய்யுங்கள். மூன்று துளைகள்தான் இருப்பதால் குறுக்கே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்துக்கு மையம் அளங்கள். 9.31 இன்ச் வந்தால் 10.75 வட்டம், 9.96 வந்தால் 11.5 வட்டம். இரண்டுக்கும் சேர்த்துத் துளை போட்ட தட்டுகளும் கிடைக்கின்றன. பழைய டர்போ 350-இன் கன்வெர்ட்டரை 700ஆர்4-இல் போட நினைக்காதீர்கள், அது வேறு, இது வேறு.

பழைய தட்டு நான்கிலும் ஒத்துப்போனால் அதையே போடலாம். ஆனால் கிராங்க் போல்ட் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி போல மெல்லிய விரிசலும் அதன் ஓரத்தில் துருப்பொடியும் தெரிந்தால் தட்டு முடிந்தது. அப்படி விரிசல் விட்ட தட்டு ஐடிலில் எழுப்பும் தட்டல், கனெக்டிங் ராட் போனது போலவே கேட்கும். அதை நம்பி நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

படி 5: மாட்டுவது

மேனுவல் கியர்பாக்ஸில் இருந்து மாறுகிறவர்கள் கிராங்க் வாலில் உள்ள பைலட் புஷ்ஷை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கன்வெர்ட்டரின் மூக்கு உள்ளே போகாது. ஃப்ளெக்ஸ்ப்ளேட்டுக்கென்று வரும் குட்டை போல்ட்டுகளைத்தான் போட வேண்டும். போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை (த்ரெட்லாக்கர்) தடவி, எதிரெதிராக 60 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள்.

கன்வெர்ட்டரில் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றி, கியர்பாக்ஸில் செருகி, உள்ளே தள்ளிக்கொண்டே சுழற்றுங்கள். ‘டக்’ என்று படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசியாக கியர்பாக்ஸின் ஆயில் பம்பின் காதுகளில் மாட்டும்வரை விடாதீர்கள்.

பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டவல் பின்னும் (கியர்பாக்ஸை இடம் பிசகாமல் பிடிக்கும் குச்சிகள்) இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு கியர்பாக்ஸை ஏற்றுங்கள். கையால் தள்ளும்போதே பெல்ஹவுசிங் பிளாக்கோடு ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம், இறக்கி மறுபடி கன்வெர்ட்டரை உட்கார வையுங்கள்.

எல்லாம் ஒட்டிய பிறகு, போல்ட் போடாத கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் தட்டுக்கும் நடுவே 1/8 முதல் 3/16 இன்ச் இடைவெளி வேண்டும், அதாவது 3-இலிருந்து 5 மில்லிமீட்டருக்குள். அதிகமாக இருந்தால் மூன்று இடத்திலும் ஒரே கனமுள்ள வாஷர் போடுங்கள். அப்புறம் கன்வெர்ட்டரை முன்னுக்கு இழுத்து மூன்று போல்ட்டையும் 35 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள்.

ஸ்டார்ட்டரின் பல்லுக்கும் தட்டின் பல்லுக்கும் நடுவே சாதாரணப் பேப்பர் கிளிப் கம்பி நுழைகிற அளவு இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள்.

ஓட்டும் முன் நியூட்ரலில் மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே ஆர்பிஎம் ஏற ஏற அதிர்வும் ஏறினால் உடனே அணைத்துவிட்டு படி 2-க்குத் திரும்புங்கள். நின்றால் அதிர்வில்லை, வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். டர்போ 350-ஐவிட 700ஆர்4 நீளம், அந்த ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கியிருப்பீர்கள், அதை மறுபடி பேலன்ஸ் செய்தார்களா என்று கேளுங்கள்.