பந்தய வீரர் ஓட்டிய சைக்கிளை விற்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஐரோப்பாவில் சாலைப் பந்தயங்கள் அக்டோபரோடு ஓய்ந்ததும், அணிகள் அந்த வருஷத்துச் சைக்கிள்களைக் கழித்துக்கட்டத் தொடங்கும். அடுத்த சீசனுக்கு ஸ்பான்சர் புதுசு கொடுத்துவிடுவார்; பழையதை அடுக்கி வைக்க இடம் வேண்டாமா? கொஞ்சம் மொத்தமாகக் கடைகளுக்குப் போகும், கொஞ்சம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தவர்கள் வழியாக ரசிகர்கள் கைக்கு வரும். அப்படி வந்த ஒன்று பாரிஸிலோ லண்டனிலோ உங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது, இப்போது அதை விற்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

இந்த வியாபாரத்தில் காசு ஆதாரத்துக்குத்தான். ஆதாரம் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது, ஒரு சீசன் முழுக்க அடித்து ஓட்டி, ஓடிய நாளெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள். அவ்வளவுதான்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த ரகம்?

மூன்று ரகம் உண்டு. ஒன்று, ரெப்ளிகா. அணியின் நிறம், ஸ்டிக்கர் எல்லாம் அச்சாக இருக்கும், ஆனால் கடையில் யாருக்கு வேண்டுமானாலும் விற்றது. இரண்டாவது, டீம் இஷ்யூ. கம்பெனி அணிக்கென்றே கொடுத்தது. யார், எங்கே ஓட்டினார் என்று சொல்ல முடியாது. மூன்றாவதுதான் அசல் சரக்கு: இன்ன வீரர் இன்ன பந்தயத்தில் ஓட்டியது என்று காட்டக்கூடியது.

இரண்டாவதை மூன்றாவதாகச் சொல்லி விற்பதுதான் இந்தச் சந்தையில் நடக்கும் பெரிய தில்லுமுல்லு. பாதிப் பேர் தெரிந்தே செய்வதில்லை. ஒரு வீரருக்கு ஒரு சைக்கிள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அவருக்குப் பந்தயத்துக்கு ஒன்று, அணிக் காரின் கூரையில் உபரியாக ஒன்றிரண்டு, வீட்டில் பயிற்சிக்கு ஒன்று, டைம் டிரையலுக்கு (தனியாளாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயம்) தனியாக ஒன்று என்று இருக்கும். பிரான்சின் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸ் முழுக்கக் காரின் மேலேயே மூன்று வாரம் சுற்றிவிட்டு, ஒருமுறைகூடத் தரையில் இறங்காத சைக்கிளும் ‘டூர் போன சைக்கிள்’தான்! உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள்.

ஃபிரேமில் உள்ள பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஓய்வு பெற்றது 1978-ல். அவருடைய சைக்கிள் தொழிற்சாலை பெல்ஜியத்தில் தொடங்கியது 1980-ல். அந்தத் தொழிற்சாலையில் செய்த எதையும் அவர் தொழில்முறைப் பந்தயத்தில் ஓட்டியிருக்க முடியாது. மறுபக்கம், மோல்டெனி அணியில் அவர் ஓட்டிய ஃபிரேம்களில் அவர் பெயர் இருந்தாலும், 1973-க்குப் பிறகு பலவற்றைச் செய்தவர் இத்தாலியின் உகோ டி ரோசா. பெயர் ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது. பழைய ஃபிரேம் என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள்.

படி 2: காலக்கணக்கு சரியா?

வாங்க வருபவர் முதலில் இங்கேதான் கை வைப்பார். அதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

1970-களின் சைக்கிளா? கேம்பக்னோலோ கம்பெனியின் நுவோவோ ரெக்கார்ட் பின் டெரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) ‘பேட்டன்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். 74 என்றிருந்தால் அந்தப் பாகம் 1974-ஐச் சேர்ந்தது. 1972-ல் ஓடிய சைக்கிள் என்று சொல்லிக்கொண்டு 76 போட்ட டெரெய்லரை மாட்டி வைத்திருந்தால், பாகம் மாற்றியது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

பெடலில் ஷூவை ‘க்ளிக்’ என்று பூட்டும் முறை பெரிய பந்தயங்களில் பரவத் தொடங்கியது, 1985-ல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ ‘லுக்’ கம்பெனியின் பெடலோடு டூரை வென்ற சமயத்தில்தான். ஷிமானோவின் மின்சார கியர் டூரா-ஏஸ் டிஐ2 வந்தது 2009-ல். டிஸ்க் பிரேக்கைச் சாலைப் பந்தயங்களில் சோதனைக்கு விட்டது 2015-ல். முழு அனுமதி 2018-ல். ‘2012 டூரில் ஓடியது’ என்று எழுதி டிஸ்க் பிரேக் படத்தைப் போட்டால் வாங்குபவர்கள் சிரிப்பார்கள்.

நவீன ஃபிரேம்களில் யுசிஐ அங்கீகார முத்திரை உண்டா பாருங்கள். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ 2011-லிருந்து புது மாடல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கடையில் விற்ற அதே மாடலிலும் அந்த முத்திரை இருக்கும். ஆக, அது காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

படி 3: படத்தோடு பொருத்திப் பாருங்கள்

வேலை இங்கேதான். ஒரு சனி ஞாயிறை இதற்கே ஒதுக்குங்கள்.

அந்த வீரர், அந்த வருஷம், அந்தப் பந்தயம் என்று தேடினால் செய்தி நிறுவனங்களின் புகைப்படங்கள் கிடைக்கும். பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவானவற்றைச் சேகரியுங்கள். வீரர் வேகமாகப் போகும்போது எடுத்ததைவிட, பந்தயம் தொடங்குமுன் கோட்டில் ஒரு காலை ஊன்றி நிற்கும் படம்தான் உபயோகம். அப்புறம் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

டாப் டியூபில் (ஃபிரேமின் மேல்குழாய்) வீரரின் பெயரும் நாட்டுக் கொடியும் சேர்ந்த சின்ன ஸ்டிக்கர் இருக்கும். எல்லோரும் முதலில் காட்டுவது அதைத்தான். ஆதாரத்திலேயே பலவீனமானதும் அதுதான். ஸ்டிக்கரை எந்த அச்சகத்திலும் போட்டுக்கொள்ளலாம். அது ஒட்டியிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கொடியின் ஓரம் வெல்டிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, லேசாகச் சாய்ந்திருக்கிறதா, ஒரு மூலை மடங்கியிருக்கிறதா? மெக்கானிக் அவசரத்தில் கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர், படத்திலும் அதே கோணலில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கார்பன் ஃபிரேமில் வெல்டிங் கிடையாது; அங்கே ஃபிரேமில் அச்சடித்த எழுத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாரும் திட்டமிட்டுச் செய்யாத அடையாளங்கள். பெயின்ட் பெயர்ந்த புள்ளி, செயின் விழுந்து செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) போட்ட கீறல், எண் தகடு மாட்டும் கொக்கி, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டில் பதித்த வடு. இவற்றைப் போலியாகச் செய்வது கஷ்டம். கீறலுக்கும் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். செப்டம்பரில் விழுந்த கீறல் மே மாதப் படத்தில் இருக்காது. அதனால் ‘படத்தில் கீறல் இல்லையே’ என்று மனம் தளர வேண்டாம். பின்னால் நடந்த பந்தயங்களின் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கீறல் எப்போது முதல்முறை தெரிகிறது என்று பாருங்கள். மே மாதப் படத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு வடு உங்கள் ஃபிரேமில் இல்லையென்றால்தான் வம்பு. ஒன்று அது வேறு ஃபிரேம், இல்லையென்றால் யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஹேண்டில்பார் டேப், சீட், செயின், டயர் இவை பொருந்தாவிட்டால் கவலைப்படாதீர்கள். அணி மெக்கானிக்குகள் இவற்றை அடிக்கடி மாற்றுவார்கள். ஆனால் டயரில் கம்பெனி பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தால் அந்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பான்சர் அல்லாத கம்பெனியின் பொருள் பிடித்துப்போனால் வீரர்கள் அப்படித்தான் பெயரை மறைத்து ஓட்டுவார்கள். வாங்குபவர்களுக்கு அது கற்கண்டு.

பொருந்திய ஒவ்வோர் அடையாளத்தையும், பந்தயப் படத்தில் எடுத்த அதே கோணத்தில் நீங்களும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 4: காகிதமும் உரிமையும்

பெரும்பாலும் அணிச் சைக்கிள் வீரருக்குச் சொந்தமில்லை; அணிக்கோ ஸ்பான்சருக்கோ சொந்தம். அதனால் ‘வீரரே கொடுத்தார்’ என்பதோடு நிறுத்தாமல், உங்கள் கைக்கு வந்த வழி முழுவதையும் காட்டுங்கள்: அணி கொடுத்த ரசீது, கடை பில், மின்னஞ்சல், பணம் அனுப்பிய வங்கிக் குறிப்பு. பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் இடம்) அடியில் உள்ள ஃபிரேம் எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள். எண்ணே இல்லையென்றாலோ சுரண்டியிருந்தாலோ விற்பனையை அங்கேயே நிறுத்திவிட்டு, உங்களுக்கு விற்றவரைக் கேளுங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2021 அக்டோபரில், பிரான்சின் ரூபேயில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது இத்தாலிய டிராக் (ஓடுகளப் பந்தய) அணியின் சைக்கிள்களைத் திருடர்கள் வாரிக்கொண்டு போனார்கள். போலீஸ் பின்னால் அவற்றை ருமேனியாவில் கண்டுபிடித்தது. திருட்டுச் சரக்கு இந்தச் சந்தையில் சுற்றுகிறது என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஃபிரேமில் வீரரின் கையெழுத்து இருந்தால் அழகுதான், ஆனால் அவர் ஓட்டினார் என்பதற்கு அது சாட்சி இல்லை. ரெப்ளிகாவிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

படி 5: துடையுங்கள், புதுப்பிக்காதீர்கள்

ஈரத்துணி, கொஞ்சம் சோப்பு, அவ்வளவு போதும். பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், கீறலை மறைக்காதீர்கள். படி 3-ல் தேடிக் கண்டுபிடித்த சாட்சிகளை நீங்களே அழித்த கதையாகிவிடும்.

கார்பன் ஃபிரேம் என்றால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நாணயத்தால் தட்டி, சத்தம் மந்தமாகும் இடத்தைத் தேடுவது ஆரம்பச் சோதனை மட்டுமே. வீரர் விழுந்ததாகத் தெரிந்தால் கார்பன் பழுதுபார்க்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். விலை உயர்ந்த சைக்கிளுக்கு அந்தச் செலவு தகும்.

படி 6: விலை

2009 நவம்பரில் நியூயார்க் சோத்பிஸ் ஏலத்தில், அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அந்த வருஷ டூரின் கடைசி நாளில் ஓட்டிய ட்ரெக் சைக்கிள் 5 லட்சம் டாலருக்குப் போனது. அதை மனதில் வைத்து விலை போடாதீர்கள். அதில் நிஜப் பட்டாம்பூச்சி இறக்கைகளை ஒட்டி அலங்கரித்தவர் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட். அது கலைப்பொருளுக்கும் புற்றுநோய் அறக்கட்டளைக்கும் கிடைத்த விலை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் வெற்றிகளும் ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் பறிபோயின என்பது வேறு விஷயம். உச்சத்தில் இருக்கும் சைக்கிள்கள் பல சந்தைக்கே வருவதில்லை. 1972-ல் மெக்சிகோ சிட்டியில் மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த சைக்கிள், பிரஸ்ஸல்ஸில் அவர் பெயர் தாங்கிய மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.

நம் கணக்கு எளிது. அதே மாடல், அதே வருஷம், யாரும் அறியாத ஒருவர் ஓட்டியது என்ன விலைக்குப் போகிறது? ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். நிஜமாக விற்ற விலைதான் அடிவிலை. அதன் மேல் வீரரின் பெயருக்கும் பந்தயத்துக்கும் ஆதாரத்துக்கும் ஏற்றிக்கொள்ளலாம். அணித் தலைவருக்குத் தண்ணீர் சுமந்த துணை வீரரின் சைக்கிள் என்றால், உண்மையைச் சொன்னால், ஏற்றம் சொற்பம்தான். சில சமயம் அடிவிலைக்குக் கீழேயும் போகும்: தேய்மானம் அதிகம், கம்பெனி வாரன்டி பெரும்பாலும் கைமாறாது, அளவும் விநோதமாக இருக்கும். வீரர்கள் சின்ன ஃபிரேமில் 130, 140 மில்லிமீட்டர் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) போட்டுக் குனிந்து ஓட்டுவார்கள். ஃபோர்க்கின் குழாயையும் அதற்கேற்ப வெட்டியிருப்பார்கள், ஹேண்டில்பாரை இனி உயர்த்த வழியில்லை. ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு இது பெரிய குறை. ஸ்டெம்மின் நீளத்தையும் ஃபோர்க் குழாயின் நீளத்தையும் அளந்து விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.

படி 7: விளம்பரம்

தெரிந்தது, நம்புவது, தெரியாதது மூன்றையும் கலக்காமல் எழுதினால் போதும். இப்படி:

“அணி வழங்கிய ஃபிரேம், 2019-ல் அணியிடமிருந்து வாங்கிய ரசீது இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் பந்தயப் படத்தோடு மூன்று அடையாளங்கள் பொருந்துகின்றன (படங்கள் 4 முதல் 9). சக்கரங்களும் சீட்டும் பின்னால் மாற்றியவை. மற்ற பந்தயங்களில் ஓடியதா என்பதற்கு ஆதாரம் இல்லை. வலது செயின்ஸ்டேயில் 2 சென்டிமீட்டர் கீறல்.”

‘அரிய வாய்ப்பு’, ‘ஒரே ஒரு பீஸ்’ எல்லாம் வேண்டாம். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். ஃபிரேம் எண்ணின் கடைசி சில இலக்கங்களைப் படத்தில் மறைத்துவிடுங்கள். முழு எண்ணையும் போட்டால் வேறொருவர் அதை எடுத்துப் போலி ரசீது தயாரிக்கலாம்.

படி 8: எங்கே விற்பது?

துணை வீரரின் நவீன சைக்கிளுக்கு ஈபே அல்லது உள்ளூர் விளம்பரத் தளம் போதும். பழைய ஸ்டீல் சைக்கிளுக்குக் கேட்டவிகி போன்ற ஏலத் தளம் நல்லது. சேகரிப்பாளர்கள் அங்கே இருக்கிறார்கள். கமிஷன் எவ்வளவு என்பதை முதலில் படித்துவிட்டு, அதற்கேற்பக் குறைந்தபட்ச விலையை வையுங்கள். பெரிய வெற்றி பெற்ற சைக்கிளும் கெட்டியான ஆதாரமும் இருந்தால் மட்டும் பெரிய ஏல நிறுவனங்களிடம் போங்கள்.

படி 9: பணம், பெட்டி

‘என் கூரியர் ஆள் வந்து எடுப்பார், பணம் கூடுதலாக அனுப்புகிறேன், மிச்சத்தை அவரிடம் கொடுங்கள்’ என்று வரும் செய்திக்குப் பதிலே போடாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் வந்து நின்ற பிறகுதான் சைக்கிள் வெளியே போக வேண்டும். நேரில் பார்க்க வருபவர் ஓட்டிப் பார்க்கக் கேட்டால், முழுப் பணத்தையும் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பினால் 2021-லிருந்து சுங்கப் படிவம் உண்டு, இறக்குமதி வரியும் வரலாம். யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். சைக்கிள் கடையில் கேட்டால் காலி அட்டைப்பெட்டி தருவார்கள். பெடல்களைக் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை ஞாபகம் வையுங்கள். கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். சக்கரத்தை எடுத்த பிறகு ஃபோர்க் முனைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று வையுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு இடையிலும் ஒன்று, லிவரை அழுத்தவே கூடாது. புது மாடல்களில் பிரேக் குழாய் ஹேண்டில்பாருக்கு உள்ளேயே ஓடும், அதைக் கழற்றி மடக்க முடியாது; பெரிய பெட்டியாகக் கேளுங்கள். மின்சார கியரின் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு, லித்தியம் பேட்டரியை ஏற்பார்களா என்று கூரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை சைக்கிளின் விலைக்கு ஈடாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வழக்கமாகச் சேர்த்துத் தருவது மிகக் குறைவு. பெட்டியை ஒட்டுமுன் உள்ளே அடுக்கியதை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஆதாரக் காகிதங்களின் அசலை சைக்கிளோடு போடாமல், தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.