ஒரே ஹார்ட் டிஸ்க், பல கணினிகள்: பார்ட்டிஷன் பிரித்து ஃபார்மட் செய்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் எங்கெல்லாம் போய் வருகிறது என்று பாருங்கள். காலையில் டிசைன் போடுபவரின் மேக். மதியம் பிரிண்டிங் யூனிட்டில் இருக்கும் பழைய விண்டோஸ் கணினி. சாயங்காலம் ஆபீஸ் லேப்டாப். ஓரிடத்தில் டிஸ்க் திறக்கும், ஆனால் உள்ளே எதையும் போட விடாது. இன்னோரிடத்தில் டிஸ்க்கே தெரியாது. "ஏனுங்க, நேத்துத்தான் வாங்கினது, அதுக்குள்ள போயிருச்சுங்களா?" என்று கடைக்கு வரும் டிஸ்க்குகளில் பல, பழுதே இல்லாதவை. ஃபார்மட்தான், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை எழுதி அடுக்கும் முறைதான், பொருந்தவில்லை.

அதனால் ஃபார்மட் பட்டனைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து, இந்த டிஸ்க் எந்தெந்த இயந்திரத்தில் சொருகப்படும் என்று எழுதுங்கள். கணினி, டிவி, மொபைல் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் மிகப் பழைய இயந்திரம் எதுவோ, அதைப் பார்த்துத்தான் மற்ற முடிவுகள்.

எந்த ஃபார்மட் எங்கே ஓடும்?

என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்த ஃபார்மட். டிஸ்க் விண்டோஸை விட்டு வெளியே போகாது என்றால் இதுவே சிறந்தது. மேக்கில் இதைப் படிக்கலாம், நகலெடுத்துக்கொள்ளலாம். எழுதவோ அழிக்கவோ முடியாது. டிஸ்க் பழுது என்று பலரும் நினைத்துவிடுவது இங்கேதான்.

ஃபேட்32 எங்கும் ஓடும். பழைய டிவி, கார் ஸ்டீரியோ, பழைய எம்பிராய்டரி மெஷின் என்று எதில் போட்டாலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இது உடனே இடிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ ஓடினால் நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும். ஆறு நிமிடம் ஆகுமுன்பே 4 ஜிபி தாண்டிவிடும். கொங்குக் கல்யாணத்தின் இணைச்சீர் சடங்கை நிறுத்தாமல் ஒரே கிளிப்பாக எடுத்திருந்தால் அது ஃபேட்32 டிஸ்க்கில் ஏறவே ஏறாது. டிஸ்க்கில் 900 ஜிபி காலியாக இருந்தாலும் "கோப்பு மிகப் பெரியது" என்றே கணினி சொல்லும். இடம் போதாமல் அப்படிச் சொல்வதில்லை. கோப்பின் அளவைக் குறித்துவைக்க ஃபேட்32-இல் 32 பிட்தான் உண்டு, அதற்கு மேல் எழுத வழியில்லை.

எக்ஸ்ஃபேட்தான் இன்றைக்குப் பொதுவழி. 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடியும். லினக்ஸில் 5.4 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் உள்ளேயே சேர்ந்துவிட்டது. 4 ஜிபி தடை இல்லை.

ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு, தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். முதலாவது, நடந்துகொண்டிருக்கும் வேலையைக் குறித்து வைக்கும் பதிவேடு இதில் இல்லை. என்டிஎஃப்எஸ்ஸில் காப்பி ஓடும்போது கரண்ட் போனால், அந்தப் பதிவேட்டைப் பார்த்து எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கணினி சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி கிடையாது, ஃபோல்டரே காணாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில், பெரிய காப்பியைத் தொடங்காதீர்கள். இரண்டாவது, 32 ஜிபிக்கு மேற்பட்ட பகுதியில் (பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு கூறு) விண்டோஸ் இயல்பாக 128 கேபி துண்டுகளாக இடத்தை ஒதுக்கும். 20 கேபி எம்பிராய்டரி டிசைன் கோப்பும் 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பத்தாயிரம் டிசைன் இருந்தால், 200 எம்பி சரக்குக்கு 1.2 ஜிபி இடம் போகும். டாலி டேட்டா, டிசைன் கோப்பு மாதிரிச் சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் அவற்றுக்கு என்டிஎஃப்எஸ் பகுதி ஒன்றைத் தனியாக வைப்பது நல்லது. அதில் துண்டு 4 கேபிதான்.

ஏபிஎஃப்எஸ்ஸும் மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டடும் மேக்குக்கு மட்டும். எக்ஸ்ட்4 லினக்ஸுக்கு மட்டும். விண்டோஸ் இவற்றை நேரடியாகத் திறக்காது.

பழைய எம்பிராய்டரி மெஷினுக்கோ மைக் செட்டுக்கோ ஃபேட்32 வேண்டும் என்பதற்காக 2 டிபி டிஸ்க்கைத் துண்டு போடாதீர்கள். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தனியாக அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கும் அடிபடாது, அந்த மெஷினும் திணறாது.

ஜிபிடியா, எம்பிஆரா?

டிஸ்க்கில் எத்தனை பகுதி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும் முறைகள் இவை. புதிய கணினிகள் மட்டும் என்றால் ஜிபிடி. விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட் ஓடும் கணினி உங்கள் தாளில் இருந்தால் எம்பிஆர்தான், அதற்கு ஜிபிடி டிஸ்க் புரியாது. எக்ஸ்ஃபேட்டைத் திறக்கவும் எக்ஸ்பிக்குத் தனி அப்டேட் வேண்டும். பழைய டிவிகளுக்கும் எம்பிஆரே பாதுகாப்பு. ஆனால் வழக்கமான 512 பைட் செக்டார் (டிஸ்க் இடத்தை எண்ணும் மிகச் சிறிய துண்டு) கணக்கில் எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது. 4 டிபி டிஸ்க் வாங்கியிருந்தால் ஜிபிடி தவிர வேறு வழியில்லை.

தொடங்கும் முன்

டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். பழைய டிஸ்க் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உடல்நிலை பாருங்கள். நீலத்தில் "குட்" என்று வந்தால் சரி. மஞ்சளில் "காஷன்" வந்தால் ஃபார்மட் செய்து பயனில்லை, முக்கியமானதை அதில் வைக்காதீர்கள்.

கேபிளை சிபியூவின் பின்பக்க யுஎஸ்பியில் போடுங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டின் கணக்கு 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3-இன் கணக்கு 900. பழைய கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் அதுவும் சரியாக வராமல் போகும். டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தம் போட்டு நிற்கிறதா? முதலில் போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள், ஃபார்மட் செய்து பார்க்க வேண்டாம்.

விண்டோஸில் செய்யும் முறை

எடுத்துக்காட்டுக்கு 2 டிபி டிஸ்க். பெட்டியில் 2 டிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸில் 1863 ஜிபிதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இதில் 1200 ஜிபியை எல்லாக் கணினிக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட்டாகவும், மீதியை ஆபீஸ் கணக்குக்கான என்டிஎஃப்எஸ்ஸாகவும் பிரிப்போம்.

1. விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் எடுங்கள்.

2. கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும். உங்கள் டிஸ்க் எது? அளவை மட்டும் நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றுங்கள், எந்த வரி மறைகிறது என்று பாருங்கள். திரும்பச் சொருகுங்கள், அதே வரி வரும். எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் கணினியின் சொந்த டிஸ்க்கையே அழித்துவிட்டால் மீள்வது கஷ்டம்.

3. அந்த வரியில் உள்ள ஒவ்வொரு பகுதியின் மேலும் ரைட் கிளிக் செய்து டெலிட் வால்யூம் கொடுங்கள். முடிந்ததும் முழு வரியும் கறுப்புத் தலைப்போடு அன்அலோகேட்டட் என்று மாறும். அழிப்பது இங்கேதான் நடக்கிறது.

4. இடது ஓரத்தில் நீங்கள் குறித்த டிஸ்க் எண் எழுதிய சாம்பல் பெட்டியில் ரைட் கிளிக் செய்தால் ஜிபிடிக்கோ எம்பிஆருக்கோ மாற்றும் வரி வரும். டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

5. காலி இடத்தில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். அளவை எம்பியில் கேட்கும். 1200-ஐ 1024-ஆல் பெருக்கி 1228800 என்று அடியுங்கள்.

6. டிரைவ் எழுத்துக்கு (டி, இ மாதிரி) அது கொடுப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்தில் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட், அலோகேஷன் யூனிட் சைஸ் (மேலே சொன்ன துண்டின் அளவு) டிஃபால்ட். இதைப் பெரிதாக்கினால் மேக்கில் திறக்காமல் போகலாம், தொடாதீர்கள். பெயர் 11 எழுத்துக்குள் இருக்கட்டும்.

7. க்விக் ஃபார்மட்டில் டிக் இருக்கட்டும். டிக்கை எடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்க்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபி முழுவதற்கும் ஐந்தரை மணி நேரம் ஆகும். பழைய டிஸ்க்கைச் சோதிக்கவும், வேறொருவருக்குக் கொடுக்குமுன் துடைக்கவும் அது நல்லது. புது டிஸ்க்குக்குத் தேவையில்லை.

8. மீதி இடத்துக்கும் அதேபோல், ஆனால் என்டிஎஃப்எஸ்.

அளவை முதலிலேயே யோசித்து வையுங்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்டிஎஃப்எஸ் பகுதியை ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்துப் பிறகு சுருக்கலாம். எக்ஸ்ஃபேட்டை இதே திரையில் சுருக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. ஆறு மாதம் கழித்து அளவு போதவில்லை என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அழித்து, திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. இரண்டு பகுதி என்பதால் இரண்டு டிஸ்க் ஆகிவிடாது. ஒரு பகுதியில் இருப்பதை மறு பகுதியில் நகலெடுத்து வைத்தால் அது பேக்கப் இல்லை. டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மேக்கில்

டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்ததும் வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் பகுதி மட்டும் தெரியும், டிஸ்க் தெரியாது. மேலே இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து இரேஸ். முழு டிஸ்க்கும் பொதுவுக்கு என்றால் ஃபார்மட் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் (ஜிபிடிதான் இது). அவ்வளவுதான்.

ஒரு பகுதி மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு வேண்டும் என்றால் வேறு வழி. டைம் மெஷின் எக்ஸ்ஃபேட்டில் ஓடாது. முதலில் முழு டிஸ்க்கையும் மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டடில் இரேஸ் செய்யுங்கள். பிறகு பார்ட்டிஷன் பட்டனை அழுத்தி, கூட்டல் குறி கொடுத்து, புதுப் பகுதியை எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள். முதலிலேயே எக்ஸ்ஃபேட் ஆக்கிவிட்டால் மேக்கிலும் அதைச் சுருக்கிப் பிரிக்க முடியாது. டைம் மெஷின் பகுதி உங்கள் மேக்கின் உள் சேமிப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். 256 ஜிபி மேக்குக்கு 512 ஜிபி. ஐபேடிலும் சொருகுவீர்கள் என்றால் டிஸ்க்கைப் பிரிக்கவே வேண்டாம், அது ஒரே பகுதி உள்ள டிஸ்க்கைத்தான் எதிர்பார்க்கும்.

லினக்ஸ்

உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலி போதும். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய இலவச மடிக்கணினியில் பாஸ் என்ற லினக்ஸ் வகை ஓடினால் கவனியுங்கள். 5.4-க்கு முந்தைய கெர்னலாக இருந்தால் எக்ஸ்ஃபேட்டுக்குத் தனிப் பேக்கேஜ் போட வேண்டும். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால் அதில் திறப்பது சுலபம்.

முடித்ததும் சோதியுங்கள்

4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோவைப் பொதுப் பகுதியில் போடுங்கள். முறையாக இஜெக்ட் செய்து மேக்கில் சொருகித் திறந்து பாருங்கள். அங்கிருந்து ஒரு கோப்பை எழுதி, திரும்ப விண்டோஸில் பாருங்கள். இரண்டு பக்கமும் சரியாக வந்த பிறகே வேலைக்குக் கொடுங்கள்.

வழக்கமாக இடிக்கும் இடங்கள்

மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் 200 எம்பியில் மேக் தானாகப் போட்ட ஒரு இஎஃப்ஐ பகுதி இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை அழிக்க விடாது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், கிளீன் என்ற கட்டளைகளை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். செலக்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் தாளில் குறித்த எண். கிளீன் என்பது உறுதி கேட்காமலே துடைத்துவிடும். எண்ணை இரண்டு முறை பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

லினக்ஸ் அல்லது மேக் பகுதி உள்ள டிஸ்க்கை விண்டோஸில் சொருகும்போது "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விண்டோஸுக்கு அந்தப் பகுதியைப் படிக்கத் தெரியவில்லை. கடையில் வேலை செய்யும் பையனுக்கும், வீட்டில் அந்தக் கணினியைத் தொடும் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

விண்டோஸிலிருந்து வெடுக்கென்று உருவிய எக்ஸ்ஃபேட் டிஸ்க் மேக்கில் சில நிமிடம் தெரியாமல் இருக்கும். மேக் பின்னால் அதைச் சோதித்துக்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க் என்றால் இன்னும் நேரமாகும். உருவி உருவிச் சொருகினால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

தவறிப்போய் வேறு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டீர்களா? அந்த நொடியே நிறுத்துங்கள். அதில் ஒரு கோப்புகூட எழுத வேண்டாம். க்விக் ஃபார்மட் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது, பழைய சரக்கு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களால் மீட்டெடுக்க வாய்ப்புண்டு. மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். சுழலும் டிஸ்க்குக்குத்தான் இந்த நம்பிக்கை. எஸ்எஸ்டி என்றால், ஃபார்மட் செய்யும்போதே கணினி டிரிம் கட்டளையை (பயன்படாத இடத்தைத் துடைக்கலாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) அனுப்பியிருந்தால் உள்ளே இருந்தது அழிந்துபோயிருக்கும்.