ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின்ல நாத்தம் அடிக்குதா?

துவைச்ச துணியிலயே மக்குன வாடை வருதுன்னா முதல்ல கதவ சுத்தி இருக்குற ரப்பர விரிச்சு பாருங்க, உள் மடிப்புல முடி, நூலு, கறுப்பா வழவழன்னு ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், பாதி நாத்தம் அங்கதான். சோப்பு தண்ணி தொட்டு அழுத்தி தொடைங்க. அப்புறம் கீழ் ஓரத்து மூடிக்குள்ள ட்ரெயின் ஃபில்டர் (அழுக்கு தண்ணி வெளிய போற வழியில இருக்குற வடிகட்டி), ஸ்விட்ச் ஆஃப் பண்ணி தட்டு வெச்சுட்டு மெதுவா திருகுங்க, தண்ணி கொட்டும் (சில்லறை காசும் வரும், லாபம்தான்). பவுடர் ட்ரேயையும் கழட்டி கழுவிருங்க. கடைசியா துணி போடாம டிரம் க்ளீன் மோட், அது இல்லன்னா 90 டிகிரில காட்டன் மோட் ஓட்டுங்க. ப்ளீச்சும் வினிகரும் ஒண்ணா ஊத்திடாதீங்க, விஷ வாயு வரும். சோப்பு லிக்விட அள்ளி ஊத்துறதையும் குறைங்க, மிச்ச நுரைதான் உள்ள அழுக்கா படியுது. துவைச்சதும் கதவ கொஞ்சம் திறந்தே விடுங்க, குட்டி பசங்க இருக்குற வீடுன்னா மட்டும் கவனம்.