மறையும் சக்திகள்: மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்பது டைஸ் உருட்டி ஆடும் சூப்பர்ஹீரோ கதாபாத்திர ஆட்டம். அதன் 3ஆம் பதிப்பில் மறைந்து நடமாடும் ஹீரோவை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கண்ணில் படாமல் இருப்பது வேறு, இருக்கும் இடம் தெரியாமல் இருப்பது வேறு, சக்தியைப் பயன்படுத்துவதே வெளியே தெரியாமல் இருப்பது வேறு. முதலாவதைக் கொடுப்பது கன்சீல்மென்ட் என்ற பவர், இரண்டாவதை ஸ்டெல்த் என்ற திறன், மூன்றாவதை சட்டில் என்ற சேர்க்கை. ஒன்றுக்குப் புள்ளி செலவழித்துவிட்டு மூன்றும் கிடைத்துவிட்டதாக நினைப்பதில்தான் மேசையில் வாக்குவாதம் தொடங்குகிறது.

முதல் தவறு கணக்கிலேயே நடக்கிறது. ஹீரோவை உருவாக்கச் செலவழிக்கும் புள்ளிகளில், கன்சீல்மென்ட் ஒரு ரேங்குக்கு (சக்தியின் ஒரு படிக்கு) 2 புள்ளி. ஏதாவது ஒரு புலனிடமிருந்து மறைய 1 ரேங்க். அந்தப் புலன் வகை முழுவதிலிருந்தும் மறைய 2 ரேங்க். பார்வைக்கு மட்டும் இது இரட்டிப்பு: சாதாரணப் பார்வைக்கு 2, பார்வை வகை முழுவதற்கும் 4. பலர் 4 புள்ளியில் 2 ரேங்க் வாங்கிவிட்டு, கேரக்டர் ஷீட்டில் ‘இன்விசிபிள்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். எதிரியிடம் 1 புள்ளிக்குக் கிடைக்கும் இன்ஃப்ராவிஷன் இருந்தால் போதும், உடல் சூடு அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 8 புள்ளி கொடுத்து 4 ரேங்க் வாங்கினால்தான் பார்வை வகை முழுவதும் அடைபடும். அப்போதும் காது திறந்தேதான் இருக்கிறது. சாதாரணக் கேட்டலை அடைக்க 5ஆவது ரேங்க் வேண்டும். 10 ரேங்க் வாங்கினாலும் தொடு உணர்வுக்குத் தப்ப முடியாது. பவர் லெவல் (ஆட்டத்தின் வலிமை அளவு) 10 ஹீரோவுக்குக் கையில் இருப்பது 150 புள்ளி. அதில் 20ஐ மறைவதற்கே கொட்டுவதற்கு முன், எதிரிகளுக்கு எப்படிப்பட்ட புலன்கள் இருக்கும் என்று ஆட்டத்தை நடத்தும் கேம்மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காதால் துல்லியமாக இடம் கண்டுபிடிக்கும் சோனார் போன்ற புலனோ, மறைப்பை உடைத்துப் பார்க்கும் கவுண்டர்ஸ் கன்சீல்மென்டோ எதிர்ப்பக்கம் இருந்தால் உங்கள் முதலீடு கணிசமாகக் குறையும்.

அடுத்தது, கன்சீல்மென்ட் இருந்தால் ஸ்டெல்த் டைஸே உருட்ட வேண்டாம் என்ற நம்பிக்கை. ஒளிய மறைவிடம் தேவை என்ற நிபந்தனையை மட்டுமே கன்சீல்மென்ட் தீர்த்துவைக்கிறது. ஒரு கிடங்கில் காவலாளி 40 அடி தூரத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அவருடைய பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) +8; பத்து அடிக்கு ஒன்று வீதம் 4 குறையும். உருட்டாமல் வழக்கமான 10ஐக் கொண்டால் மொத்தம் 14. பார்வை வகை முழுவதையும் அடைத்த ஹீரோவுக்கு ஸ்டெல்த் +6. டைஸில் 5 விழுகிறது, மொத்தம் 11. காவலாளிக்குக் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது. ஆனால் மனிதக் காது இந்த விதிகளில் துல்லியமான புலன் அல்ல. அதனால் அந்தத் திசையில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரியுமே தவிர, குறி பிடிபடாது. சுட்டால் தாக்குதலில் -5. முழு வேகத்தில் நகர்ந்துகொண்டே ஒளியப் பார்த்தால் ஸ்டெல்த்துக்கும் -5 என்பதை ஹீரோவும் மறக்கக் கூடாது.

அந்த -5ஐ எல்லாத் தாக்குதலுக்கும் பொருத்துவது இன்னொரு பிழை. ஒரு பரப்பு முழுவதையும் தாக்கும் ஏரியா தாக்குதலுக்குத் தாக்குதல் டைஸே கிடையாது, ஆகவே அது மறைந்திருப்பவரையும் தொடும். உணர முடிகிற இலக்கின் மீது பிரயோகிக்கும் பெர்செப்ஷன் ரேஞ்ச் சக்திகளின் நிலைமை நேர்மாறு: துல்லியமான புலனால் இலக்கை உணர முடியாவிட்டால் அவற்றைப் பிரயோகிக்கவே முடியாது. மனதைத் தாக்கும் வில்லனுக்கு எதிராகக் கன்சீல்மென்ட் எவ்வளவு நல்ல கவசம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உண்மையான லாபம் இருப்பே தெரியாமல் தாக்குவதில்தான். எதிரி அசந்திருந்தால் அவர் ‘வல்னரபிள்’ நிலைக்குப் போவார். டாட்ஜ் (தூரத் தாக்குதலுக்கு எதிரான பாதுகாப்பு), பாரி (நெருங்கித் தாக்குவதற்கு எதிரான பாதுகாப்பு) இரண்டும் பாதியாகும், பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். டாட்ஜ் 9 இருப்பவரைத் தூரத்திலிருந்து அடிக்க 19 (10+9) தேவைப்பட்ட இடத்தில் 15 (10+5) போதும். அசந்திருந்தாலும் தற்காத்துக்கொள்ள உதவும் அன்கேன்னி டாட்ஜ் வைத்திருப்பவரிடம் இந்தச் சலுகை செல்லாது.

ஹைட் இன் பிளெயின் சைட் (கண்ணெதிரே ஒளிதல்) என்ற அட்வான்டேஜின் (சிறப்புத் தகுதியின்) பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளிய வேண்டுமானால் முதலில் அவர் கவனத்தைத் திருப்ப வேண்டும். இந்த அட்வான்டேஜ் அந்தத் தேவையை மட்டும் நீக்குகிறது. நடந்து எட்டும் தூரத்தில் ஒரு தூணோ நிழலோ இருந்தே ஆக வேண்டும். வெட்டவெளி மைதானத்தின் நடுவில் அது உதவாது.

சட்டில் உங்களை மறைப்பதில்லை, உங்கள் சக்தியின் தோற்றத்தை மறைக்கிறது. 1 ரேங்க் இருந்தால் அதைக் கவனிக்க மொத்தம் 20 வரும் பெர்செப்ஷன் உருட்டலோ, அதற்கென்று ஒரு தனிப் புலனோ வேண்டும். 2 ரேங்க் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. கூட்டத்தின் நடுவில் நின்றபடி யாருக்கும் தெரியாமல் சக்தியைப் பயன்படுத்த நினைப்பவருக்கு இதுதான் தேவை, கன்சீல்மென்ட் அல்ல. உடலைத் திடமற்றதாக்கும் இன்சப்ஸ்டான்ஷியல் பவரும் அப்படித்தான்: 4ஆவது ரேங்கில் சுவரைத் துளைத்துக்கொண்டு போகலாம், ஆனால் அந்தப்பக்கம் வெளிப்படும்போது எல்லோரும் பார்ப்பார்கள்.

கடைசியாக, கன்சீல்மென்ட் சஸ்டெயின்ட் வகை. சுற்றுக்கு ஒரு (நேரம் பிடிக்காத) ஃப்ரீ ஆக்‌ஷன் கொடுத்தால்தான் நீடிக்கும். டேஸ்ட் (அடியால் தடுமாறும் நிலை) ஆனால் ஃப்ரீ ஆக்‌ஷன் மிஞ்சும், மறைவு தொடரும். ஸ்டன்ட் (செயலற்றுப் போகும் நிலை) ஆனால் எந்த ஆக்‌ஷனும் இல்லை, அடி வாங்கிய இடத்திலேயே எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுவீர்கள். ரேங்குக்கு 1 கூடுதலாகக் கொடுத்துக் கன்டினியூஸ் (தானாகவே நீடிப்பது) ஆக்கினால் இந்தச் சிக்கல் தீரும். அப்போது 4 ரேங்க் 8க்குப் பதிலாக 12 புள்ளி. தாக்கியதும் மறைவு கலையும் பாசிவ் குறையை ஏற்றுக்கொண்டால் அதே 4 ரேங்க் சஸ்டெயின்டாகவே 4 புள்ளிக்கு வரும். தாக்கினால் தானாகவே வெளிப்பட்டுவிடுவோம் என்று பாசிவ் வாங்காதவர்களும் நினைக்கிறார்கள். விதியில் அப்படி எதுவும் இல்லை.