ஆங்கில இலக்கியம், முதலாம் வருடம்: கவிதையைப் படிப்பதும் பந்தி எழுதுவதும்

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்து முதலாம் வருடம் தொடங்குபவர்களில் பலர் கை நிறைய நோட்ஸோடு வருகிறார்கள். உயர்தரத்துக்கு ரியூசனில் கொடுத்த சுருக்கம், மேல் வகுப்பு அக்கா அண்ணாமார் விட்டுப்போன போட்டோக்கொப்பி, போனில் இறக்கிய விளக்கம். இவை கதையையும் கருப்பொருளையும் சொல்லித் தரும். பல்கலைக்கழக விடைத்தாளில் புள்ளி கிடைப்பதோ, மூலத்தில் உள்ள குறிப்பிட்ட சொற்களைப் பிடித்து நீங்கள் நிறுவும் கருத்துக்குத்தான். ஆகவே முதல் அரையாண்டின் பெரிய வேலை நோட்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு மூலத்தைப் பென்சிலோடு படிக்கப் பழகுவது.

நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். பாடத்திட்டம் கையில் கிடைத்த வாரமே எடுத்து விடுங்கள். காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கவிதையைப் போன் திரையில் படிக்க வேண்டாம். ஏ4 தாளில் இரட்டை வரி இடைவெளியோடு, வலப்புறம் மூன்று விரல் அகல ஓரம் விட்டு பிரின்ட் எடுங்கள். ஐந்து வரிக்கு ஒருமுறை வரி இலக்கம் போடுங்கள். பின்னால் மேற்கோள் எழுதும்போது அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

படிக்கும் ஒழுங்கு

முதலில் இரண்டு தரம் வாய்விட்டு வாசியுங்கள். அப்போது குறிப்பு எடுக்க வேண்டாம்.

அடுத்த சுற்றில் வரி வரியாக அல்ல, வசனம் வசனமாகப் படியுங்கள். முற்றுப்புள்ளி எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த வசனத்தின் எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிடுங்கள். கவிதை விளங்காமல் போவதற்குப் பெரும்பாலும் கடினச் சொல் காரணமல்ல. வரி முடியும் இடத்தில் வசனமும் முடிகிறது என்று எடுத்துக்கொள்வதே காரணம். பழைய கவிதைகளில் சொல்லொழுங்கும் மாறியிருக்கும், வினை கடைசியில் போய் நிற்கும். அப்படிப்பட்ட வசனத்தை ஓரத்தில் சாதாரண ஆங்கில ஒழுங்கில் ஒருமுறை மாற்றி எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது சுற்றில் அகராதி. இதில் நாவலுக்கு ஒரு விதி, கவிதைக்கு வேறு விதி. நாவலில் தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் 20 பக்கத்திலேயே களைத்துப் போவீர்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் சொல்லையும் வசனத்தின் வினையையும் மட்டும் பார்த்தால் போதும். கவிதையிலோ தெரிந்த சொல்லையும் பார்க்க வேண்டும், அதுவும் அகராதி தரும் எல்லாப் பொருளையும்.

ஏன் என்பதற்கு ஒரு கவிதையைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரின் சொனெற்றுகள், அதாவது 14 வரிக் கவிதைகள், 1609 இல் அச்சேறின. அவற்றில் 18ஆவது, ‘ஷல் ஐ கொம்பெயார் தீ டு எ சமர்ஸ் டே’ என்று தொடங்குவது, பலருக்குப் பாடமாகவே இருக்கும். உன்னைக் கோடை நாளுக்கு ஒப்பிடட்டுமா என்ற கேள்வியை மட்டக்களப்பில் இருந்து கேட்டால் பாராட்டாகத் தோன்றாது. மூன்றாம் வரியில் மே மாதத்தின் மொட்டுகளைக் காற்று உலுக்குகிறது. நமக்கு மே என்றால் கச்சான் காற்று, காய்ந்த நிலம். இங்கிலாந்தில் அது குளிர் விலகிப் பூ வரும் பருவம். அங்கே கோடை இதமானது, ஏங்கிக் காத்திருக்க வைப்பது, வந்த வேகத்தில் போய்விடுவது. இந்தப் பின்னணி தெரியாமல் படித்தால் கவிதை முழுவதும் தலைகீழாகும்.

இப்போது நான்காம் வரி: ‘அண்ட் சமர்ஸ் லீஸ் ஹத் ஓல் டூ ஷோர்ட் எ டேட்’. லீஸ் என்பது குத்தகை. இங்கே டேட் என்பது வெறும் திகதி அல்ல, தவணை. வயலை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்தவர் தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். கோடையும் தன் அழகை அப்படித்தான் வைத்திருக்கிறது. பத்தாம் வரிக்குப் போங்கள். அங்கே பொசெஷன் என்ற சொல் வருகிறது. பாராட்டப்படுபவர் தம் அழகின் மீதுள்ள கைப்பற்றை இழக்கமாட்டார் என்கிறது வரி. அதே வரியின் கடைசிச் சொல்லான ‘ஓஸ்ட்’ என்பதற்கு இன்றைய வழக்கில் கடன்பட்டிருத்தல் என்று பொருள், அன்றைய வழக்கில் உடைமையாக வைத்திருத்தல். இந்த மூன்று நான்கு சொற்களும் காணிச் சட்டத்தின் சொற்கள். கோடை வைத்திருப்பது குத்தகை நிலம், அவருடையது சொந்த நிலம். இந்த வேறுபாட்டை எந்தச் சுருக்க நோட்ஸும் சொல்லாமல், அகராதியை வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு வரிக்கும் நடுவே, ஒன்பதாம் வரி ‘பட்’ என்று தொடங்குகிறது. அதுவரை கோடையின் குறைகள், அதிலிருந்து அவருடைய நிலைபேறு. 14 வரிச் சொனெற்றில் கருத்து எங்கே திரும்புகிறது என்று தேடும்போது ‘பட்’, ‘யெட்’, ‘தென்’ போன்ற சொற்களைத்தான் முதலில் வட்டமிட வேண்டும்.

ஓசையைக் கணக்கிடுதல்

தமிழ் யாப்பு படித்தவர்கள் நேர், நிரை என்று அலகிடும் பழக்கத்தோடு ஆங்கிலச் செய்யுளுக்கு வந்து தடுமாறுவதுண்டு. தமிழில் குறிலும் நெடிலும் ஒற்றும் அசையைத் தீர்மானிக்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் தீர்மானிக்கிறது. நாம் ஆங்கிலச் சொல்லின் எல்லா அசையையும் ஏறத்தாழச் சமமாக உச்சரிப்பதால் காதால் மட்டும் பிடிப்பது கடினம். அகராதியில் உச்சரிப்புக் காட்டும் இடத்தில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நிலைக்கோடு இருக்கும். ஈரசைச் சொற்களுக்கு அதைப் பார்த்து முதலில் குறியுங்கள். கொம்பெயார் என்பதில் இரண்டாம் அசை, சமர் என்பதில் முதல் அசை. இந்த இரண்டையும் குறித்ததும் முதல் வரியின் 10 அசைகளில் அழுத்தம் ஒன்று விட்டு ஒன்று விழுவது தெரிய வரும்: ஐந்து சீர், ஒவ்வொன்றிலும் மெலிவும் அழுத்தமும். இந்த ஓசையொழுங்கின் பெயரை (அயம்பிக் பென்ராமீற்றர்) மட்டும் எழுதினால் புள்ளி வராது. ஒழுங்கு எந்த இடத்தில் உடைகிறது, அங்கே என்ன சொல் நிற்கிறது என்று எழுதினால்தான் பயன்.

பந்தி கட்டுதல்

ஒரு நல்ல பந்தி 150 சொல் அளவில் இருக்கும். முதல் வசனம் கருத்து. அடுத்தது மேற்கோள், ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பிறகு மூன்று நான்கு வசனம் அந்த மேற்கோளின் சொற்களைப் பற்றி. கடைசி வசனம் வினாவுக்குத் திரும்ப வேண்டும். பிழை நடப்பது நடுவில்தான். மேற்கோளைப் போட்டதும் அதன் பொருளை வேறு சொல்லில் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். மேற்கோள் ஒரு வரி என்றால் விளக்கம் அதைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

கருத்து வசனம் மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘கவிஞர் தன் அன்பை மிக அழகாக வெளிப்படுத்துகிறார்’ என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள், அதனால் அதை நிறுவவும் முடியாது. ‘கோடையைக் குத்தகைக்காரராகவும் பாராட்டப்படுபவரை உடைமைக்காரராகவும் காட்டுவதன் மூலம் இக்கவிதை அழகைச் சொத்துரிமையாகப் பேசுகிறது’ என்பதை ஒருவர் மறுக்கலாம். அதற்கு நான்காம், பத்தாம் வரிகளில் ஆதாரமும் இருக்கிறது. 1000 சொல் கட்டுரைக்கு இத்தகைய பந்தி ஐந்து போதும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் ஆசிரியரின் பிறப்பு வளர்ப்பைச் சொல்லி அரைப் பக்கம் வீணாகும்.

யோசிப்பது தமிழில் நடக்கட்டும், அதில் தவறில்லை. வசனத்தை மட்டும் தமிழில் முழுதாகக் கட்டிவிட்டுப் பெயர்க்க வேண்டாம். தமிழில் அடைமொழித் தொடர் பெயருக்கு முன்னால் நீண்டு வந்து வினை கடைசியில் முடியும். அதை அப்படியே கொண்டுபோனால் ஆங்கிலத்தில் எழுவாய் தொலைந்துவிடும். யார், என்ன செய்கிறார் என்ற இரண்டையும் ஆங்கிலத்தில் முதலில் எழுதிவிட்டு மிச்சத்தைச் சேருங்கள்.

நம்மவர் விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. ‘பற்றி ஆராய்க’ என்ற நம் பழக்கத்தால் டிஸ்கஸ் என்பதற்குப் பின் அபவுட் போடுவது: அந்த வினைக்கு அது வேண்டியதில்லை. ‘பிகாஸ்’ என்று தொடங்கும் பகுதியைத் தனி வசனமாக விட்டுவிடுவது. கதையைச் சொல்லும்போது இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் தாவுவது: இலக்கியக் கட்டுரையில் கதை நிகழ்காலத்தில்தான் சொல்லப்படும். ஒருமைப் படர்க்கையில் வினையின் கடைசி எஸ் விடுபடுவது. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் திருத்த முடியாது. முதல் வாசிப்பில் வினைகளை மட்டும், அடுத்ததில் எ, த போன்ற சுட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள். கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் பிழை நன்றாகத் தெரியும், ஏனென்றால் கருத்தோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

மேற்கோள் முறை எம்.எல்.ஏ. (மொடேர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த முறை) என்றால்: மூன்று வரி வரையிலான கவிதை மேற்கோளை உங்கள் வசனத்துக்குள்ளேயே எழுதி, வரி முடியும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். அதற்கு மேல் என்றால் தனியாக உள்தள்ளி எழுத வேண்டும். இணையத்தில் எடுத்த கருத்தைச் சொல் மாற்றி எழுதினாலும் எங்கே எடுத்தது என்று காட்டாவிட்டால் அது திருட்டுத்தான்.

நாவலுக்கு ஒரு கணக்கு: 300 பக்கம் என்றால் நாளுக்கு 25 பக்கம், 12 நாள். கொப்பியின் நடுவே கோடிழுத்து, இடப்பக்கம் பக்க இலக்கத்தோடு வரியையும் வலப்பக்கம் உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வந்தாறுமூலைக்குப் பஸ்ஸில் வருபவர்கள் அந்தக் கொப்பியைப் பயணத்தில் புரட்டலாம். புதிதாகப் படிக்கப் பஸ் சரிவராது.

பரீட்சையில் மூன்று மணித்தியாலத்துக்கு நான்கு வினா என்றால் ஒன்றுக்கு 45 நிமிடம்: ஐந்து நிமிடம் திட்டம், 35 நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திருத்தம். தெரிந்த வினாவுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்துக் கடைசி வினாவைத் தொடாமல் விடுவதால் போகும் புள்ளி பெரியது.

திருத்திய அசைன்மென்ட் கையில் வந்ததும் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். ஒரு பந்தியைத் தேர்ந்து விரிவுரையாளரிடம் கொண்டுபோங்கள். ‘ஏன் சேர் குறைவு?’ என்பதைவிட, ‘மிஸ், இந்த மேற்கோளுக்கு நான் எழுதிய விளக்கத்தில் என்ன விடுபட்டிருக்கிறது?’ என்று கேட்டால் பயன்படும் பதில் கிடைக்கும். அடுத்த அசைன்மென்ட் தொடங்கும் முன் அந்தப் பந்தியை மட்டும் திரும்ப எழுதிவிடுங்கள்.