லென்ஸுக்காக கேமரா மாற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

படத்தின் ஓரம் மங்கலாக இருக்கிறதென்று மொத்த செட்டையும் விற்று வேறு கம்பெனிக்குத் தாவுவதற்கு முன், குற்றம் லென்ஸில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ 20–30 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்க் கட்டடத்தின் கிரில் சன்னல்கள் சோதனைக்குப் போதும். மெரின் டிரைவில் நின்று மலபார் ஹில்லை எடுத்துப் பார்க்காதீர்கள். கடற்கரை ஈரக்காற்றே படத்தை மங்கடித்துவிடும்.

டிரைபாட், ஐஎஸ்ஓ 100, 2 வினாடி டைமர், ரா (கேமரா மெருகேற்றாத மூலக்) கோப்பு. அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். யூவி ஃபில்டரையும் கழற்றுங்கள். மட்டமான ஃபில்டரால் கெட்ட பெயர் வாங்கிய நல்ல லென்ஸ்கள் ஏராளம். முழுதாகத் திறந்த அபெர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) ஒரு படம், அதைச் சுருக்கி எஃப்/8-இல் ஒரு படம்.

லைவ் வியூவில் (பின்திரையில்) பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்தது கூர்மையாக வந்து, வியூஃபைண்டர் வழியே எடுத்தது மட்டும் மங்கினால் லென்ஸ் மேல் தப்பில்லை. டிஎஸ்எல்ஆரில் (உள்ளே ஆடும் மிரர் உள்ள கேமரா) ஃபோகஸ் சென்சார் தனியாக இருப்பதால் அது முன்பின்னாகக் குறிவைக்கும். கேமராவில் ஃபோகஸைத் திருத்தும் ஃபைன் ட்யூன் வசதி இருந்தால் நீங்களே திருத்தலாம். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் அது கிடையாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகப் பூட்டி மறுபடி எடுங்கள். படத்தின் அதே மூலையே மங்கினால் லென்ஸின் உள்கண்ணாடி சாய்ந்திருக்கிறது. எதிர் மூலைக்கு மாறினால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். நான்கு மூலையும் ஒரேபோல மங்கி, எஃப்/8-இல் தெளிந்தால் அது லென்ஸின் வடிவமைப்பு. மாறுவதில் நியாயம் இருப்பது இங்கேதான்.

அதுவும் டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ் (மிரர் இல்லாத) கேமராவுக்கு மாறும்போது அகலக்கோண லென்ஸுக்குத்தான் பெரிய லாபம். மவுண்டிலிருந்து (லென்ஸ் பூட்டும் வளையம்) சென்சார் வரை நிக்கானின் டிஎஸ்எல்ஆர் மவுண்டான எஃப்-இல் 46.5 மி.மீ.; மிரர்லெஸ் மவுண்டான இசட்-இல் 16 மி.மீ. கேனானில் 44 மி.மீ. 20 ஆகக் குறைந்தது. நடுவில் மிரர் ஆடுவதற்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் பின் லென்ஸை சென்சாருக்கு அருகிலேயே வைக்க முடிகிறது. பறவைக்காக டெலி வைத்திருப்பவர்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் வராது.

பாடியைப் பார்க்காமல், வேண்டிய மூன்று லென்ஸ்களை எழுதி விலையைக் கூட்டிப் பாருங்கள். சோனி இ மவுண்டில் சிக்மா, டாம்ரான் போன்ற பிற கம்பெனிகளின் லென்ஸ்கள் தாராளம். கேனானின் மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப்-க்கு 2024-இல் அவர்கள் கொண்டுவரத் தொடங்கியவை ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராக்களுக்கானவை.

அதே கம்பெனிக்குள் மாறினால் பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்டும் அடாப்டர் போதும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸுக்கான அடாப்டரில் லென்ஸ் கண்ணாடி இல்லை, ஆகவே தரம் குறையாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏபிஎஸ்-சி லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் மாட்டினால் சுமார் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அருகே போரா பஜாரில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால் டார்ச் கட்டாயம். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். சிலந்தி வலை இழைகளாகத் தெரிவது பூஞ்சை, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை லென்ஸை 40–50 சதவீத ஈரப்பதத்தில் டிரை பாக்ஸில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அந்தேரியில் வாடகைக்குக் கிடைக்கும். புது பாடியையும் லென்ஸையும் ஒரு வார இறுதிக்கு எடுத்து, அதே சன்னல்களை அதே செட்டிங்கில் எடுங்கள். பிறகு விற்கலாம், முதலில் லென்ஸ்களை, கடைசியில் பாடியை.