தெர்மோமீட்டர் வாங்கினோம், மிஸ்ஸை மறந்தோம்: பாடசாலைத் தாதிக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 முற்பகுதியில், கொவிட்டால் மூடிக் கிடந்த மேல் மாகாணப் பாடசாலைகளைக் கட்டம் கட்டமாகத் திறந்த நேரம், எங்கள் பழைய மாணவர் சங்கம் அவசரமாகக் காசு சேர்த்தது. அந்தக் காசில் நெற்றியில் பிடிக்கும் தெர்மோமீட்டர்கள் வாங்கினோம். காலால் மிதித்தால் சனிடைசர் விடும் ஸ்டாண்டுகள் வாங்கினோம். வாசலில் கட்ட ஒரு பெரிய பனரும் அடித்தோம். எல்லாவற்றுக்கும் படம் எடுத்தோம். சிக் ரூமில் இருந்த தாதி மிஸ்ஸுக்கு அந்த மாதச் சம்பளம் இரண்டு கிழமை பிந்திப் போன விஷயம் பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. பெற்றோருடன் பேசுவதற்கு அவர் தன் சொந்தப் போனில் தன் காசில்தான் ரீலோட் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் எங்களுக்குத் தெரியாது.

அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வரும்போது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ இன்னொரு சங்கம் நாங்கள் செய்ததையே செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இலங்கையில் பெரும்பாலான அரச பாடசாலைகளுக்கென்று தனியாகத் தாதி கிடையாது. பாடசாலைச் சுகாதாரம் என்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலை. மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. கொழும்பு மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் இதைப் பார்க்கிறது. ஆண்டு முழுவதும் சிக் ரூமில் ஒரு தாதி இருக்கிறார் என்றால், அது அநேகமாகத் தனியார் பாடசாலையாகவோ சர்வதேசப் பாடசாலையாகவோ இருக்கும். இல்லையென்றால் சங்கங்களும் பெற்றோரும் சேர்ந்து ஏற்பாடு செய்த இடமாக இருக்கும். ஆகவே அவருக்கான காசு எங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது. தவறும் எங்களிடம்தான் தொடங்குகிறது.

பொருளுக்குக் கொடுத்து ஆளை விடுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். பொருளுக்குக் காசு கேட்டால் உடனே வரும், சம்பளத்துக்குக் கேட்டால் வராது. தெர்மோமீட்டரில் நன்கொடையாளரின் பெயரை ஒட்டலாம், சம்பளத்தில் ஒட்ட முடியாதே.

1902இல் நியூயோர்க்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பாடசாலைக்கு வந்த மருத்துவர்கள் கண்நோய், படர்தாமரை, பேன் உள்ள பிள்ளைகளை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைக்கு வைத்தியம் நடந்ததா என்று பார்க்க யாரும் இல்லை. அப்போது லீனா ரொஜர்ஸ் என்ற தாதியை ஒரு மாதப் பரீட்சார்த்தமாக நான்கு பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். அவர் சின்ன வருத்தங்களுக்குப் பாடசாலையிலேயே மருந்து போட்டார். மற்றப் பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். நகரம் மேலும் தாதியரைச் சேர்த்துக்கொண்டது. பாடசாலைத் தாதி என்ற வேலை அமெரிக்காவில் வேரூன்றியது அப்படித்தான்.

கொவிட் காலத்திலும் வாசலில் காய்ச்சல் பார்ப்பது வேலையில் கால்வாசிதான். திருப்பி அனுப்பிய பிள்ளையின் வீட்டில் தனி அறை இருக்கிறதா, அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமா, பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா, எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று தொடர்ந்து கேட்பதுதான் மீதி. அதைக் கருவி செய்யாது. அதற்கு ஒரு மனுஷியின் நேரம் வேண்டும்.

சம்பளத்தைக் கொடுப்பனவாக்குவது

பல சங்கங்கள் தாதிக்கு மாதாமாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அதைக் கொடுப்பனவு என்று எழுதி வைக்கின்றன. நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. இது அநியாயம், சட்டச் சிக்கலும் கூட. கணக்குக்கு வசதியாகச் சம்பளம் மாதம் 1,00,000 ரூபா என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் 12 சதவீதம், அதாவது 12,000 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், அதாவது 3,000 ரூபா. (தாதியின் பங்கான 8 சதவீதம் அவருடைய சம்பளத்திலிருந்து கழியும்.) ஆக மாதம் 1,15,000, வருடம் 13,80,000 ரூபா. அவர் லீவில் போகும் நாளுக்குப் பதில் ஆள், போன் செலவு, முகக்கவசம் எல்லாம் இதற்கு மேலே. கூட்டத்தில் முதலில் இந்தத் தொகையைக் கரும்பலகையில் எழுதுங்கள். சனிடைசர் கணக்கு பிறகு வரட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பாடசாலை மூடினால் சம்பளத்தையும் நிறுத்துவது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எத்தனையோ இடங்களில் இதுதான் நடந்தது. உண்மையில் அந்த நாட்களில்தான் ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா உள்ள பிள்ளைகளும் இன்சுலின் போடும் பிள்ளைகளும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்ப அரசு ஏற்பாடு செய்தது. அந்தப் பொதி வீட்டுக்கு வந்ததா, மருந்து எத்தனை நாளைக்குக் காணும் என்று விசாரிக்க ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதோடு, மூடிய மாதத்தில் நிறுத்தப்பட்ட தாதி திறக்கும் நாளில் திரும்பி வர மாட்டார். வேறு வேலை எடுத்திருப்பார்.

அரச பாடசாலை என்றால் பெற்றோரிடம் காசு சேர்ப்பதற்குச் சுற்றறிக்கைகளும் அனுமதிகளும் உண்டு. தனியாள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகப் போங்கள். அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் அறிந்திருக்கட்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய நிதி ஒரு ரசீது இல்லாமல் போனதால் சண்டையில் முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

யார் என்று பார்க்காமல் வைப்பது

வெள்ளை உடுப்புப் போட்டவர் எல்லோரும் தாதி இல்லை. இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குறுங்கால வகுப்பு முடித்த உதவியாளர் கை கொடுக்கலாம், ஆனால் பிள்ளைக்கு எது ஆபத்து, எது காத்திருக்கலாம் என்ற முடிவை அவர் தலையில் போடக் கூடாது. முதலுதவி பழகிய ரீச்சரை அந்த இடத்தில் உட்கார வைப்பதும் அப்படித்தான். ஓய்வுபெற்ற தாதியரைக் கூப்பிடுவது நல்ல யோசனை. ஆனாலும் கொவிட் போன்ற நோயில் வயது கூடக் கூட ஆபத்தும் கூடும். அவருக்குத் தடுப்பூசி, நல்ல முகக்கவசம், காற்றோட்டமான அறை எல்லாம் கொடுத்த பிறகே கூப்பிட வேண்டும்.

காய்ச்சல் என்றால் கொவிட் என்று மட்டும் நினைப்பது

கொழும்பில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். இங்கே டெங்கு எந்தத் தொற்றுக்கும் வழி விட்டு நிற்காது. 2017இல் மட்டும் நாட்டில் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது. கொழும்பு மாவட்டம் எப்போதும் முன்னணியில் இருக்கிறது. கொவிட் காலத்தில் அன்டிஜன் பரிசோதனை நெகட்டிவ் என்றவுடன் "அப்பாடா" என்று மூச்சு விட்டவர்கள் பலர். நெகட்டிவ் என்றால் அது கொவிட் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தாதி பெற்றோரிடம் சொல்ல வேண்டும். சொன்னதோடு விடாமல் செய்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

காய்ச்சலுக்கு இபுபுரொபென், மெபனமிக் அசிட் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைத் தூண்டலாம். பரசிற்றமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ப. "அரைப் பனடோல் போதும்" என்ற கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் சரிவராது. ஆகவே நல்ல நிறை பார்க்கும் தராசு ஒன்று சிக் ரூமில் இருக்க வேண்டும். யாரும் நன்கொடையாக நினைத்துப் பார்க்காத பொருள் அது.

நெற்றித் தெர்மோமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலி வீதியில் வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சூடாகத்தான் இருக்கும். காலையில் பனடோல் போட்டு அனுப்பிய பிள்ளையின் நெற்றி குளிர்ந்து கிடக்கும். கொவிட் தொற்றிய பிள்ளைகள் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஓட்டோவிலிருந்து இறங்கியவுடன் பிடிக்காமல், நிழலில் சில நிமிடம் இருக்க விட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் வழமையான தெர்மோமீட்டரால் மறுபடி பாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் அப்படித்தான். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். எங்களைப் போலக் கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பது 2020 இறுதியில் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. எண் நன்றாக இருந்தாலும் பிள்ளை மூச்சு வாங்குகிறது என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரே அறை, மூடிய ஜன்னல்

முழங்கால் உரசிய பிள்ளையும் இருமும் பிள்ளையும் ஒரே கட்டிலில் இருந்தால் சிக் ரூமே தொற்றைப் பரப்பும். இரண்டு அறை இல்லையா? விறாந்தையின் ஒரு மூலையில் நிழலும் நாற்காலியும் போதும். ஏசி வாங்கித் தர ஒருவர் முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டு அந்தக் காசில் ஜன்னலைத் திருத்தித் தரக் கேளுங்கள். ஆட்கள் மீது கிருமிநாசினி தெளிக்கும் கூடாரங்கள் வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அதற்கு எதிராகச் சொல்லிவிட்டது. தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்கு, மருந்தைப் புகையாக்கும் நெபுலைசரைவிட, ஸ்பேசர் என்ற குழாய் மாட்டிய பம்ப் நல்லது. மருந்துப் புகையோடு கிருமியும் அறையில் பரவுவதைக் குறைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய சொந்த ஸ்பேசர் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் பெயர் போடுவது

ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றதும் பெற்றோர் குழுவில் பெயர், ஒழுங்கை, தகப்பன் வேலை செய்யும் கடை எல்லாம் வந்துவிடும். அடுத்த வாரம் எந்தத் தாயும் உண்மை சொல்ல மாட்டார். பிள்ளைக்குத் தடிமன் என்று மறைப்பார். தாதியின் ஒரே ஆயுதம் வீடுகள் அவரிடம் உண்மை பேசுவது. அது போய்விட்டால் மற்றதெல்லாம் வீண். உடல்நலத் தகவலுக்கு 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிக் கவனம் கொடுக்கிறது.

யார் தனிமைப்பட வேண்டும், எத்தனை நாள் என்று முடிவு செய்யும் ஆளாகத் தாதியை முன்னால் தள்ளாதீர்கள். அந்த அதிகாரம் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உரியது. பெற்றோர் கோபத்தோடு வந்தால் அதிபர் பேசட்டும். தவணை தொடங்கும் முன்பே உங்கள் பிரிவுப் பரிசோதகரை அழைத்து அவருடைய நம்பரைச் சிக் ரூம் சுவரில் எழுதி வையுங்கள்.

பேச்சு புரியாமல் போவது

கொழும்புத் தமிழ் ஒன்றல்ல. ஒரு பிள்ளை முட்டு என்கிறது, இன்னொன்று இழுப்பு என்கிறது, இன்னொன்று இளைப்பு என்கிறது. மூன்றும் ஒரே வருத்தம், தொய்வுதான். நல்ல அனுபவமுள்ள சிங்களத் தாதி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் ஆபத்தான நேரத்தில் சொல் பெயர்க்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பெரியவர் ஒருவரை அதற்கென்று ஒழுங்கு செய்யுங்கள். வீட்டுக்குப் போகும் கடிதம் தமிழில், அம்மம்மாவும் படிக்கும் எழுத்தில் இருக்கட்டும்.

கேட்காமல் கொடுப்பது

எங்கள் சங்கம் மிஸ்ஸுக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்த மரியாதை அவருக்கு உரியதுதான். அன்று மாலை ஒருவர் அவரிடம், "மிஸ், உங்களுக்கு உண்மையில் என்ன வேணும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னவை நான்கு: சிக் ரூமுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய், பாடசாலைக்கென்று ஒரு போன், மதியம் அரை மணித்தியாலம் சாப்பிடப் பதிலுக்கு ஒருவர், நிரந்தர மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பட்டியல். கை கழுவ அவர் அத்தனை மாதமும் விறாந்தையைத் தாண்டி மலசலகூடத்துக்குப் போய் வந்திருக்கிறார். குழாயை அடுத்த சனிக்கிழமையே பொருத்தினோம். அதற்கான செலவு நாங்கள் வாசலில் கட்டிய பனரைவிடக் குறைவு.